எதிர்முள்

மடிகேரியில் மழை.
போனில் உங்கள் குரல் விட்டு விட்டுத்தான் வந்தது.
"என் மீன் எப்படி இருக்கு, வீரணன்?"
கேட்கவில்லை சார் என்றேன்.
கேட்டது.

உங்கள் மீன்.
பதினோரு கிலோ நானூறு.
உங்கள் கை நடுங்கியதால் தராசை நான் பிடித்தேன்.
போன வருசம் அது ஒரு வங்கி மேலாளரின் மீன், ஒன்பதே கால்.
அதற்கும் முந்தி கோயம்புத்தூர் பல் டாக்டர்கள் இரண்டு பேர்,
ஆளுக்கொரு நாள்.
முதல் ஆள் பேர் மறந்துபோச்சு.
கலிங்குக்குத் தெற்கே மூழ்கின கருவேலத்தடியில்
கீழுதட்டுக் கிழிசலோடு கிடந்த ஒரே வாளையை
ஐந்து பேருக்கு ஐந்து மீனாக விற்றிருக்கிறேன்.
பகலுக்கு மூவாயிரத்து ஐநூறு, சாப்பாடு தனி.

வித்தையெல்லாம் இல்லை.
கொக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்ப்பேன்.
கெண்டைக் குஞ்சு சில்லறை சிதறினாற்போல் துள்ளினால்
ஒரு பாகம் தள்ளி எறியச் சொல்வேன்.
தூண்டிலின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவேன்;
குத்தும், தங்காது.
தொடுமுன் கையை நனைக்கச் சொல்வேன்.
நீங்கள் அதன் நெற்றியில் முத்தம் வைத்தீர்கள்,
பிறகு நீரில் பிடித்து, அதுவாகப் போகும்வரை காத்திருந்தீர்கள்.
கரையில் ஆடு மேய்த்த பஞ்சவர்ணம் கேட்டாள்:
"விடுறதுக்கா இம்புட்டுத் தூரம் கார்ல வந்தாக?"
என்ன சொல்றாங்க என்றீர்கள்.
வாழ்த்துறாங்க சார்.

மூன்று வருசம் வற்றாத கண்மாய்
இந்தப் பங்குனியில் முழங்காலுக்கு வந்துவிட்டது.
அறுப்பு முடிந்து, ஊர் கூடி, தமுக்கும் அடித்தாயிற்று.
விடியுமுன்னே கரை நெடுகச் சனம்.
ஊத்தா, கச்சா, கொசுவலை,
பழைய சேலையை ஆளுக்கொரு முனை பிடித்த அக்கா தங்கை,
மேலூர் தாண்டி எங்கிருந்தெல்லாமோ லோடு வேன்.
மடைக்கல்லில் ஏறி வெள்ளைத் துண்டை வீசினார்கள்.
அப்புறம் தண்ணீரே தெரியவில்லை.

வீட்டுக்கு ஒருத்தர் இறங்கணும். இறங்கினேன்.
கால் என்னைக் கேட்காமல் தெற்கே போனது.
கருவேலம் வெளியே தெரிந்தது.
கிளையெல்லாம் நீங்கள் எல்லாரும் அறுத்துவிட்டுப் போனவை:
ரப்பர்த் தவளை ஒன்று,
வெள்ளிக் கரண்டி இரண்டு, வெயிலில் ஆடிக்கொண்டு.

ஊத்தாவை அமுக்கினேன்.
உள்ளே ஒரு முட்டு.
மூங்கில் பிளாச்சு விலாவில் இடித்தது.
மேல்வாய் வழியே கையை விட்டேன்.
வழவழப்பு. மீசை.
அந்தக் கிழிசல்,
என் விரல்நுனி நுழைகிற அளவு.

கண்மாய் அழிகிற அன்று பிடித்ததை
விற்கக் கூடாது சார்.
குழம்பு வைக்கலாம், அள்ளிக் கொடுக்கலாம்;
விற்றால் மறுவருசம் மழை தப்பும் என்பது எங்கள் பேச்சு.
ஐந்து தடவை விற்ற கை
அதன் வாய்க்குள் இருந்தது.

"என்ன மாப்ள, அகப்பட்டுச்சா?"
"சேறு" என்றேன். தூக்கிவிட்டேன்.
அது போன வேகம் உங்களுக்குத் தெரியும்,
ரீல் கத்துமே, அது.
எட்டடி போயிருக்காது.
பஞ்சவர்ணத்தின் ஊத்தா இறங்கியது.
அவள் கையையெல்லாம் நனைக்க வேண்டியதில்லை,
தலை முதல் கால்வரை நனைந்துதான் இருந்தாள்.

சாயங்காலம் தூக்குவாளியில் வந்தது,
புளி தூக்கலாக, மாங்காய் போட்டு.
நடுக்கண்டம் எனக்கென்று சொல்லி அனுப்பியிருந்தாள்.
என் மகள் முள் பார்த்துப் பார்த்துத் தின்றாள்.
நான் ரெண்டு கவளம்.
இல்லை, நாலு.
தலையை மட்டும் வாளியிலேயே விட்டுவிட்டேன்,
வாய் மேலே பார்த்தபடி.

ஐப்பசிக்குப் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்துவிடும்.
அதோடு வருகிற குஞ்சு விரல் நீளம் இருக்கும்.
பதினோரு கிலோவுக்கு எத்தனை வருசம் என்று
விரல்விட்டுக் கொண்டிருந்தபோது
மறுபடி கேட்டீர்கள், கத்தி,
"என் மீன் எப்படி?"

"நல்லா இருந்துச்சு சார்."

அங்கே மழை.
'இருக்கு' என்று கேட்டிருக்கும்.