தக்ளித் தூரம்

காந்த்பாரிக்கு எவ்வளவு தூரம் என்றால்
இரண்டரைத் தக்ளி என்பாள் ஹர்க்கமாயா.
கிலோமீட்டருக்கு மலை தெரியாது.
நூலுக்குத் தெரியும்.

மழை விட்டதும் காட்டுக் காஞ்சொறியைக்
கந்தல் சுற்றிய கையால் வளைத்து அறுத்தது.
பல்லால் பட்டை உரித்து,
அடுப்புச் சாம்பலில் ஒரு பகல் வேகவைத்து,
ஓடைக் கல்லில் அடித்து, வெள்ளை மண்ணில் பிசைந்து,
அப்புறம்தான் செடி தன் சொறியை மறந்தது.
அவள் முழங்கை மறக்கவில்லை.

கூடை நெற்றிப்பட்டையில் தொங்க,
இடது கை இழுக்க, வலது கை சுழற்ற,
ஜஸ்மான் மலேசியாவிலிருந்து
அனுப்பிவிட்டேன் என்ற பணத்தை வாங்க நடந்தாள்.

வங்கியில் வரிசை. நான்கு மணி நேரம்.
சுவரில் சாய்ந்தபோதும் தக்ளி நிற்கவில்லை.
"வரலையே தீதி" என்றான்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்.
"சர்வரா, அவரா?"
அவன் சிரித்தான்.
அவள் கேட்டது கேள்விதான்.

மாசியில் சோளத்துக்கு மூட்டை நெய்தாள்.
ஏற்றத்து நூல் மேடும் முடிச்சும்.
திரும்பி வந்த நூல்
இரண்டு இடத்தில் அறுந்து ஒட்டியது.
வரிசையில் நின்ற நூல் மட்டும்
நாலு விரற்கடை அகலத்துக்கு
வழவழவென்று,
ஒரு பக்கமும் சாயாமல்.

அந்த இடத்தில் கை கொடுத்துத்தான்
மூட்டையைத் தூக்குகிறாள்.