அசாதாரண நீளம்

எங்கள் நாட்டில் அரசாங்க அலுவலகத்துக்கு
இன்னமும் போமா என்றுதான் பெயர்.
போமா என்றால் வேலி.
முதலில் வந்த துரை கட்டடம் கட்டவில்லை,
முள்மரங்களை வெட்டி வட்டமாக அடுக்கினான்,
சிங்கத்துக்குப் பயந்து.
வட்டத்துக்குள் ஒரு கூடாரம், ஒரு மேசை,
மேசைமேல் ஒரு பேரேடு.
சிங்கம் வரவில்லை.
நாங்கள்தான் வந்தோம், வரிசையாக,
குடிசைக்கு மூன்று ஷில்லிங்கோடு;
பிறகு ஆறு.
வேலிக்கும் பசிக்கும் என்று
அப்போது யாருக்குத் தெரியும்?

நான் தெலெசா. மூன்றாம் அறையில்
வீட்டுப் பத்திரங்கள் பதிகிறேன்.
இந்தச் செங்கல் கட்டடத்தின் வயது
பேரேட்டில் ஒன்று, வாசற்படியில் செதுக்கியது வேறொன்று.
செங்கல் சுமந்தவர்களின் பெயர் இரண்டிலும் இல்லை.
"கூலி வரியில் கழிக்கப்பட்டது" என்று
ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி,
அவ்வளவுதான்.

ஏரிக்கரை ஊரில் நசிபேகோ என்றொருத்தி.
புருஷன் ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவன்.
அவன் விட்டுப்போன குடிசை ஒன்று,
மாமியார் செத்துப்போன குடிசை ஒன்று.
இரண்டுக்கும் வரி.
கணக்கெடுக்க வரும் முந்தைய ராத்திரி
இரண்டுக்கும் நடுவே மண்ணைக் குழைத்து அப்பி
மேலே புல் போர்த்தி
ஒன்றாக்கிவிட்டாள்.
விடிந்ததும் ட்ரெட்வெல் துரை
சுற்றிச் சுற்றி நடந்தார்.
ஈர மண்ணில் பூட்ஸ் புதைந்தது.
சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.
எழுதினார்:
"குடிசை ஒன்று. அசாதாரண நீளம்."

அடுத்த வருஷம்
அசாதாரண நீளத்தில் பதினேழு குடிசைகள்.
தலைமையிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது:
இனிமேல் கதவைக் கொண்டு எண்ணுக.
கதவுகளை அடைத்தார்கள்.
ஒரு மழைக்காலம் முழுக்க
ஏழு குடும்பங்கள் ஒரே வாசலில் நுழைந்து
ஒருவர் காலை ஒருவர் மிதித்துப் படுத்தன.
ஒரு குழந்தை அங்கேயே பிறந்தது,
ஆடுகளுக்கு நடுவில்.
இதற்கு எதிர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறது
எங்கள் பள்ளிப் பாடப்புத்தகம்.
அன்றைக்கு அதற்குப் பெயர்
புழுக்கம்.

அடைத்த கதவுகளை உதைத்துத் திறந்தவன்
யோபே கலிந்தே. சிவப்புக் குல்லாய்ச் சேவகன்.
கூரைக்குத் தீ வைப்பதற்கு முன்
உள்ளே கோழி இருக்கிறதா என்று
குனிந்து பார்ப்பானாம்.
அவன் எங்களுக்கு உறவு.
எந்த வழியில் என்று கேட்டால்
வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும்.

கொடி இறங்குவதற்கு முந்தைய வாரம்
அலுவலகத்தின் பின்புறம்
மூன்று நாள் கோப்புகளை எரித்தார்கள்.
காயப்போட்ட மீன்மேல் சாம்பல் விழுந்ததாக
ஒரு வலைக்காரர் இழப்பீடு கேட்டு மனு கொடுத்திருக்கிறார்.
அந்த மனு இருக்கிறது.
எரித்தவற்றின் பட்டியலும் இருக்கிறது,
அதை எரிக்க மறந்துவிட்டார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள்.
"ஊர்த்தலைவர்கள்: நம்பத்தக்கவர்."
"ஊர்த்தலைவர்கள்: பிறர்."
"சவுக்கடி, காலாண்டு."
தலைப்புகளை மட்டும் வாசித்தபடி
சில மதியங்களில் சோற்றை மறந்திருக்கிறேன்.

தப்பியதைக் கரையான் வாசித்தது.
முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை
ஒரு வரி விடாமல் படித்த தணிக்கையாளர்
இந்த அலுவலகத்தில்
அது ஒன்றுதான்.

நேற்று ஒருவர் வந்தார்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
வீட்டைப் பதிய வேண்டும்.
படிவத்தின் தலையில் கொடி மாறியிருக்கிறது,
முத்திரை மாறியிருக்கிறது,
ஒன்பதாம் கேள்வி மாறவில்லை:
கதவுகள் எத்தனை?

அவர் என்னைப் பார்த்தார்.
ஜன்னலைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஒன்று" என்றார்.

அவர் வீடு நான் பஸ் ஏறும் இடத்தில்தான்.
மூன்று கதவு; ஒன்று நீலம்.

எழுதினேன்: ஒன்று.
நீளம் எவ்வளவு என்று கேட்க
நல்லவேளை,
படிவத்தில் இடம் இல்லை.