உறை

முதல் தரம் மொழிபெயர்க்க வந்தவர்
கோயில் பொருளாளர் தவராசா அண்ணை.
வயிற்றுக்குத்து என்றேன்.
வயிற்றுக்கு மருந்து தந்தார்கள்.

நாலாம் தரம் தனியே போனேன்,
விண்டர்தூரில், ரெயில் நிலையத்துக்குப் பின்னால்,
உள்ளங்கையில் ஒரு சொல் எழுதி:
ஷைடே.
வாளின் உறைக்கும் அதே சொல்லாம்.
எந்த வாள் என்று நான் கேட்கவில்லை.

எரிவா, அரிப்பா, மணமா
என்றாள் டொக்டர் அம்ஷ்டூட்ஸ்.
எல்லாம்.
கிருமிக்கு ஏழு நாள் மருந்து.
பிறகு, அது திரும்பி வராமலிருக்க,
பாலைத் தயிராக்கும் இனத்து உயிர்கள்
குளிசைக்குள்.
"சிலருக்கு உதவுது, சிலருக்கு இல்லை.
உறுதியாய்ச் சொல்ல ஆராய்ச்சி போதாது."
அப்படிச் சொன்னதால்தான் வாங்கினேன்.
முப்பத்தெட்டு பிராங்க். காப்புறுதி கட்டாது.

குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டு,
சூடை மீனுக்குப் பக்கத்தில்.
இதென்ன என்கிறார் இவர்.
உறை.
தயிருக்கோ?
ம்.

இரவு, கால் மடக்கிப் படுத்து
பத்துக் கோடிப் பேரை உள்ளே விடுகிறேன்.
தங்குவார்களோ தெரியாது.
எனக்கே பதினொரு வருடமாய் எஃப் அனுமதி,
தற்காலிகம் என்று அச்சடித்தது.
இருங்கள், உறையுங்கள் என்கிறேன்
இருட்டுக்குள், சத்தமில்லாமல்.

போன கிழமை அரிக்கவில்லை.
இந்தக் கிழமை பார்ப்போம்.