கொக்குகள் வரிசையில் நிற்கின்றன

மேடிசனில் இரண்டு நாளாய்ப் பனி விடவில்லை.
இரவு பதினொன்றேகாலுக்கு
ஆர்டிஸ் குவாமியின் கைபேசி
அதிர்ந்து அதிர்ந்து மேசையில் நகர்ந்து
காப்பிக் கோப்பையில் முட்டி நின்றது.

வரிசையில் நாற்பதாயிரம் பணிகள்.
ஓடுபவை பதினொன்று.

முதலில் தன்னையே சந்தேகித்தாள்
(காலையில் அமைப்புக் கோப்பைத் தொட்டது அவள்தான்).
பிறகு வட்டை, பிறகு வலையை,
பிறகு வழக்கம்போல வேதியியல் துறையை.
இல்லை.
பல்கலைக்கழகம் முழுமைக்கும் வாசலாக இருக்கும்
அந்த ஒற்றைக் கணினி
மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.
குருவி தலையில் பனங்காய்.

பயனர்: தோவா லோர். பறவையியல், இரண்டாம் ஆண்டு.
பணிகள்: முப்பத்தோராயிரம்.
சதுப்பு நிலத்தில் கட்டிவைத்த ஒலிவாங்கிகள்
வசந்தம் முழுக்கக் கேட்டதை
பத்துப் பத்து நிமிடமாய் நறுக்கி அனுப்பியிருந்தான்,
எதில் கொக்கு கூவுகிறது என்று பார்க்க.
துண்டு சின்னதுதான். ஆனால்
ஒவ்வொரு துண்டும் கிளம்பும்போது
நான்கு கிகாபைட் மாதிரிக் கோப்பைத்
தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.
அதே கோப்பு. முப்பத்தோராயிரம் தடவை.
விருந்துக்கு வருகிறவர்கள்
ஆளுக்கொரு ஆட்டுக்கல்லைச் சுமந்து வருவதுபோல.

கணக்குப் போட்டாள்:
இந்தக் கம்பியில் இருபத்தெட்டு மணி நேரம்,
வேறு ஒருவரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால்.
ஆனால் கேட்கிறார்களே.
மலேரியாப் புரதத்தோடு ஒசெய் நிற்கிறாள்.
பனிப்பாறைகளோடு ஹல்ஸ்ட்ராண்ட்,
வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டியவர்,
நான்கு மணி நேரமாய் அதே இடத்தில்.

ஒரே கட்டளை. எல்லாம் நின்றன.
காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் காத்திருந்தது.
'பொதுச் சொத்து என்றால் என்னவென்று தெரியுமா'
என்று தட்டினாள். அழித்தாள்.
'கோப்பை ஒருமுறை அனுப்பினால் போதும்.
என்னைக் கூப்பிடு.'

நள்ளிரவு தாண்டிக் கூப்பிட்டான்.
பின்னால் முரசு. அதற்கும் பின்னால்
மூங்கில் குழல்கள் சேர்ந்து ஊதும் சத்தம்.
வாசாவில் மாமா இறந்துவிட்டார் என்றான்,
நான்கு நாள் சடங்கு,
திரும்புவதற்குள் முடிந்திருக்கட்டும் என்று
அவசரத்தில் அனுப்பிவிட்டு
வண்டியில் ஏறிவிட்டேன்.
மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் எழுதி வைத்திருந்த நாலு வார்த்தை
தொண்டையிலேயே நின்றது.
அது என்ன பாட்டு என்று கேட்டாள்.
வழி சொல்கிறார்கள், என்றான்.
மாமா குடியிருந்த ஊர்களை எல்லாம்
ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கிச் சொல்லி
பிறந்த மலைவரை கொண்டுபோய் விடுவார்கள்.
வாசா, செயின்ட் பால், தாய்லாந்து முகாம், ஆறு,
ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
ஒன்றை விட்டாலும் அவருக்கு வழி தப்பிவிடும்.

எவ்வளவு நேரமாகும்?
ஆகும் நேரம் ஆகும், என்றான்.

நீ அங்கேயே இரு, என்றாள்.

கோப்பைத் தூக்கிப் பொதுத் தேக்கத்தில் வைத்தாள்.
அவன் எழுதிய குறிப்பில் ஒரு வரியை மாற்றினாள்,
எழுத்துப்பிழை ஒன்றையும், யாரும் கேட்காமலே.
இருநூறு இருநூறாய் அவிழ்த்து விட்டாள்.
கிளம்பிய துண்டுகள் வெறுங்கையோடு போயின.
இடையில் புரதம் நுழைந்தது, பனிப்பாறை நுழைந்தது,
ஹல்ஸ்ட்ராண்ட் ஒன்றேகாலுக்கு
ஒற்றை வார்த்தையில் நன்றி அனுப்பினார்,
யாருக்கு என்று தெரியாமல்.

ஐந்தரைக்குத் தெருவில் பனி அள்ளும் வண்டி.
எல்லாம் முடிந்து ஒன்று மட்டும் மிச்சம்,
எண் எட்டாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு:
நினைவகம் போதவில்லை, மூன்று முறை விழுந்தது.
செய்யக்கூடாதுதான்,
ஒலிக்கோப்பைத் திறந்தாள்.

ஏப்ரல், விடிவதற்குச் சற்று முன்.
ஒரு கொக்கு. பதிலுக்கு இன்னொன்று.
பிறகு சதுப்பு முழுக்க ஒரே நேரத்தில்,
மரக்கதவுகள் ஆயிரம் கீல் திரும்பியதுபோல.
நிரல் அதில் எதை எண்ணும், பாவம்.

இரட்டை நினைவகம் கொடுத்து அனுப்பினாள்.
இங்கே இடமில்லை. பணி
வரைபடத்தில் மேற்கே போய்
நெப்ராஸ்காவில் ஓர் இரவல் கணினியில் இறங்கியது.
அந்த ஊர் ஆற்றிலும் மார்ச் மாதம்
கொக்குகள் இறங்குமாம்.
அது வேறு கூட்டம்.

ஓடிக்கொண்டிருப்பவை: ஒன்று.
அவள் காப்பியைச் சூடாக்கப் போனாள்.