இருநூறாவது மீட்டர்

மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகம்,
இரண்டாவது மாடியில் ஒழுகும் மூலை.
ஒழுகலுக்குக் கீழே ஒரு வாளி,
வாளிக்குப் பக்கத்தில் என் கணினி.
கடலூர் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பு
எங்கள் மூவருக்கும்.

உலாவியைத் திறந்தால் வரைபடம்.
கெடிலம் ஒரு நீலக் கோடு, பெண்ணையாறு இன்னொன்று.
பரவனாற்றை வரைந்தவர் பாதியில் எழுந்து போயிருந்தார்.
மூன்று ராத்திரி உட்கார்ந்து
கடல் வரைக்கும் அதைக் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புகளால் கோத்தேன்.
மழைமானியின் எண் வந்து விழ ஒன்று.
ஆற்றிலிருந்து இத்தனை மீட்டர் என்று
இருகரையிலும் பட்டை போட ஒன்று.
பட்டைக்குள் அகப்பட்ட கூரைகளை அள்ள,
அள்ளியதைத் தெருவாரியாகப் பிரிக்க,
கடைசியில் குறுஞ்செய்தி.

எத்தனை மீட்டர் என்று கேட்டது பெட்டி.
காலியாக விட்டால் ஓடாது.
நீர்வளத் துறை தனசேகரன் சார்
போனில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்:
"எரநூறு போடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்."
போட்டேன்.
அந்த அப்புறம் வரவே இல்லை.

சோதனைக்குப் பழைய மழை ஒன்றைக் கொடுத்தேன்.
நனைந்த கூரைகளை ஒன்று விடாமல்
நாய் செருப்பைக் கவ்வி வருவது போல
பெருமையாகக் கொண்டுவந்து போட்டது.
அன்சாரி பஜ்ஜி வாங்கி வந்தார்.
"இனிமே நீ தூங்கலாம், அது பாத்துக்கும்."

ஐப்பசி பதினெட்டு. அது பார்த்துக்கொண்டது.
ராத்திரி இரண்டு பத்துக்கு
யாரும் தொடாமலே பெட்டி பெட்டியாகப் பச்சை ஏறி
நாலாயிரத்துப் பன்னிரண்டு கைபேசிகள் அதிர்ந்தன.
குண்டு உப்பலவாடிக்கு லாரி கிளம்பியது.
திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக்கூடப் பூட்டைத் திறந்தார்கள்.
நான் தேநீர் ஊற்றிக்கொண்டேன்.
கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி.
பூங்காவனம், கெடிலக்கரை.
"பக்கத்து வூட்டு லூர்துமேரிக்கு மெசேஜ் வந்துச்சு,
எனக்கு வரல.
எங்க வூட்டுக்குத் தண்ணி வராதா,
இல்ல, வந்தாப் பரவால்லியா?"

அளந்து பார்த்தேன்.
லூர்துமேரி நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பூங்காவனம் இருநூற்று மூன்று.
நடுவில் இருப்பது
இரண்டு வீட்டுத் துணியும் காயும் ஒரே கொடிதான்.
அதற்கு எங்களிடம் அடுக்கு கிடையாது.

"ரெண்டு பேரும் ஒண்ணா கெளம்புங்கம்மா" என்று வைத்துவிட்டு
பெட்டியைத் திறந்தேன்.
இருநூறை அழித்தேன்.
வெற்றுக் கட்டத்தில் குச்சி மினுக்கி மினுக்கி நின்றது.

முந்நூறு போட்டால்
முந்நூற்று மூன்றில் ஒருத்தி
போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருப்பாள்.
ஆயிரம் போட்டால் மண்டபம் கொள்ளாது,
அடுத்த மழைக்கு என் செய்தியை
லோன் வேண்டுமா என்று கேட்கும் செய்தியைப் போல அழித்துவிடுவார்கள்.

இருநூறையே திரும்பப் போட்டேன்.
பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி.
கோட்டுக்கு வெளியே ஐம்பது மீட்டருக்குள் இருப்பவர்கள்
செய்தியாகப் போக வேண்டாம்,
பெயரும் எண்ணுமாக என் மேசைக்கு வரட்டும்.
பெட்டிக்குப் பெயர் வைக்கச் சொன்னது.
பூங்காவனம் என்று தட்டினேன்.

(தை மாதம் தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்,
"தானியங்கின்னு எழுதியிருக்கு,
இந்த எடத்துல மட்டும் ஏன் ஆள்?"
பதிலைக் கோப்பில் எழுதித் தரச் சொன்னார்.
இன்னும் எழுதவில்லை.)

அன்றைக்கு வந்தது முப்பத்தேழு பெயர்.
வாளி தளும்பியிருந்தது.
கொட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்து
முதல் எண்ணை அழுத்தினேன்.
ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ,
தூங்கிட்டிருந்தீங்களா?"