செதில் இல்லாதது

சல்லடைக்கு ஒரு மில்லிமீட்டர் கண்.
மண் கரைந்து வழிந்தபின் தங்குவதெல்லாம்
என் மேஜைக்கு வரும்:
ஒலிவக்கொட்டை, கரி, எலியின் தாடை,
ஒருமுறை ஒரு குழந்தையின் பால்பல்.

இன்று பை எண் 4417.
எருசலேம் சரிவில் ஒரு வீட்டு அடுப்படி,
முதல் ஆலயம் நின்ற காலத்துச் சாம்பல்.
அதற்குள் ரம்பப் பல் வைத்த ஒரு முள்.
கெளுத்தி.
கூடவே முதுகெலும்புகள் பதினொன்று,
ஒன்றில் கத்தி இழுத்த கோடு.

யர்கோன் ஆற்றிலிருந்தோ, நைல் கரையிலிருந்தோ
உப்பில் கிடந்து கழுதைமேல் வந்திருக்கும்.
அதே அறையில் ஒரு ஜாடிக் கைப்பிடி,
அதில் வீட்டுக்காரன் முத்திரை: ஷெமர்யாகு.
ஆண்டவர் காத்தார் என்று பொருள்.
பெயரின் வாலில் தெய்வத்தைக் கட்டிக்கொண்டவன்
செதில் இல்லாத மீனைத் தின்றிருக்கிறான்.

மீறினானா?
மீறுவதற்கு முதலில் வேலி வேண்டுமே.
அவன் நாளில் அது இருந்ததா,
யாரோ ஒரு ஆசாரியனின் தோல்சுருளுக்குள் மட்டும் இருந்ததா,
எலும்பு சொல்லாது.
தின்றார்கள் என்பதைத் தவிர
எலும்புக்கு வேறு வினைச்சொல் தெரியாது.

பக்கத்து மேஜை கெடல்யாவுக்கு முழுக்குக் குளங்கள்.
"மேலடுக்கில் தெருவுக்குத் தெரு கிடைக்குது திர்ட்சா,
ஐந்நூறு வருஷம் கீழே இறங்கினால்
ஒரு படிக்கட்டுகூட இல்லை."
சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையைத் தூக்குமுன்
உதடசைத்து ஆசி சொல்வான்.
எப்போதும் சொல்வான்.

வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கே பூட்டு.
சந்தையில் சஸ்ஸோனிடம் கெண்டை கேட்டேன்,
தோலுரித்து, துண்டு போட்டு.
ஒரு துண்டில் மட்டும் இரண்டு விரல் அகலம்
தோலை விட்டுவைத்துத் தந்தான்.
"செதில் தெரியணும்ல."
நகத்தால் நெம்பினேன். வந்தது,
தோல் கிழியாமல்.
நகக்கண்ணில் இன்னும் ஷெமர்யாகுவின் சாம்பல்.

வாரம் முழுக்க முள் பிரிப்பதற்குத்தான் சம்பளம்.
பொழுது சாய்ந்துவிட்டால்
தட்டில்கூட முள்ளைத் தனியே எடுத்து வைக்கக் கூடாது;
அது வேலை.
அதனால் இப்போதே உட்கார்ந்து எடுக்கிறேன்,
மெழுகுவர்த்திக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
எடுத்த முள் குப்பையில் கிடக்கும்,
குப்பை மண்ணாகும், யாராவது சலிப்பார்கள்.

விளக்கேற்றியபின் மிச்சமிருந்த ஒரு முள்ளைப் பார்த்தும்
கை நீட்டாமல் இருந்தேனே,
அதைப் பிடிக்க
எத்தனை மில்லிமீட்டர் கண் வேண்டும்?