சூளை

ஆசூரிலிருந்து ஆறு வாரம்
கழுதை முதுகில் வந்தது வெள்ளீயம்.
கானேஷின் கீழ்த்தெருவில் கடை போட்டான் லாகிபு.
அவன் பேச்சு ஊரில் எவருக்கும் புரியாது;
தராசு பார்த்துக்கொண்டது.

முதலில் விரல்விட்டு எண்ணினார்கள்.
ஏமாற்றத் தொடங்கிய பிறகுதான்
ஒருவர் மொழியை ஒருவர்
ஒழுங்காகக் கற்றார்கள்.

குன்னனியாவை மணந்தான்.
ஆசூரில் தறியோடு இருந்த முதல் மனைவிக்கு
அது ஒற்றை வரியாகப் போனது,
கம்பளி விலைக்குக் கீழே.
பதில் வந்தது:
'இந்த முறை துணியை மெல்லிசாக நெய்திருக்கிறேன்.'

பிள்ளை
கெட்ட கனவில் தாய்மொழியில் அலறுவான்,
விடிந்தால் வட்டியைத் தகப்பன் மொழியில் போடுவான்.

சண்டை எதற்கென்று
எந்தக் களிமண் ஏட்டிலும் இல்லை.
சுங்கம் என்பார்கள். வடக்கத்தியார் என்பார்கள்.
ஓர் இரவில் கூரைகள் பற்றின.

பச்சை மண்ணாகவே கிடந்திருந்தால்
நாலு மழைக்குக் கரைந்திருக்கும்
கடனும் வசையும்
'எள் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்பு' என்பதும்.
அழிக்க வந்தவன்
சூளை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஏறத்தாழ நாலாயிரம் கோடை கழித்து
அகழ்குழியில் முழங்காலிட்ட செவ்கெத்
தூரிகையால் தட்டி எடுக்கிறான்:
மண்ணுறை பிரியாத கடிதம்.
யாரும் பார்க்கவில்லை என்றறிந்து
காதருகே ஆட்டுகிறான்.
உள்ளே ஏதோ லேசாக இடம் மாறுகிறது.

மேலே சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.
விரலில் அந்த இரவின் கரி.
கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறான், பாதி போகிறது.
மீதியோடு
ரொட்டியைப் பிட்கிறான்.